கல்மண்டபம் முதல் கீரிமலை வரை

சென்னைத் துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில், இரைச்சல் ஓயாத வீதிகளின் நடுவே அமைந்த பகுதி கல்மண்டபம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது இந்த இராயபுரத்திலிருந்துதான். இப்பகுதி அன்பர்களுக்குத் திருவொற்றியூர் தியாகராஜப் பெருமானும் வடிவுடையம்மனும் கூப்பிடு தூரத்தில் உள்ள தெய்வங்கள்.

அத்திருவொற்றியூரில், மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்து மணந்தவர் சுந்தரமூர்த்தி நாயனார். பின்னாளில் அவர் சேரமான் பெருமாளுடன் இராமேசுவரம் சென்றார். ஈழத்துத் திருக்கேதீச்சரத்தை, கடல் கடவாமல், அக்கரையிலிருந்தே பாடிப் பரவினார் என்பது மரபு.

நாயனார் கடக்காத அக்கடலை இன்று முதியவர்களும் எளிதில் கடக்கலாம். சென்னைக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்தூரம் சுமார் 355 கிலோமீட்டர். சிறிய விமானத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். திருச்சிராப்பள்ளியிலிருந்து அளந்தால் நேர்தூரம் சுமார் 185 கிலோமீட்டரே. இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்றவும் வேண்டியதில்லை.

கல்மண்டபத்திலிருந்து ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தை அடைந்தால், விமான நிலையத்துக்கு நேராகவே இரயில் உண்டு. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். வெளிநாட்டுப் பயணமாதலால் மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்வது நலம். வானில் பறக்கும் பொழுதைவிடத் தரையில் காத்திருக்கும் பொழுதே மிகுதி! கடவுச்சீட்டும் இலங்கைக்குரிய பயண அனுமதியும் இன்றியமையாதவை. சேவை நாட்கள் மாறக்கூடுமாதலால் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பலாலிக்குத் தெற்கே நல்லூர்க் கந்தசுவாமி கோயில். இருபத்தைந்து நாள் பெருந்திருவிழாவுக்குப் பெயர் பெற்றது. மேற்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் அருகருகே உள்ளன. திருக்கேதீச்சரம் செல்வோர் மன்னார் திசையில் தரைவழியே மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

ஆனால் தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் அடங்குவதன்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 'போட் மெயில்' பயணிகள் கப்பலேறிய பழைய துறை மறைந்தது. பின்னர் வந்த போர் வழிகளை அடைத்தது. 1990 அக்டோபரில் நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. பலாலியைச் சுற்றிய நிலப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. சில கல் தொலைவில் வாழ்ந்த ஊர்மக்களே தம் குலதெய்வத்தின் சந்நிதிக்குச் செல்ல இயலாமல் ஆண்டுக்கணக்கில் ஏங்கினர். அவர்களுக்கு அந்தச் சில கல் தொலைவு, கடலினும் பெரிதாயிற்று.

போர் ஓய்ந்தபின் திருப்பணி நடந்து, 2012-இல் நகுலேஸ்வரம் குடமுழுக்குக் கண்டது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாயிற்று. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாக் காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

கீரிமலையில் உப்புக் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊற்று சுரக்கிறது. ஆடி அமாவாசையன்று முன்னோரை நினைந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே நீராடுகின்றனர். வழி திறந்திருக்கும் காலத்தில், உடலில் தெம்பு உள்ளபோதே சென்று தொழுது வருவது பெரும் பேறு. செல்ல இயலாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. திருவொற்றியூர்ச் சந்நிதியில் நின்று அக்கரை ஈசனை நினைத்தாலும் போதும். நாயனார் காட்டிய வழியும் அதுவே.