போனுக்குள் ஒரு சாவி

போன வாரம் காலை வாக்கிங் முடித்துவிட்டு காந்தி சிலைக்குப் பின்னால் வழக்கம்போல நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ஏழரை மணி வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், அதனால் என் காரை பாரதி பூங்கா பக்கம் நிறுத்திவிட்டு நடப்பது பழக்கம். கிளம்பும்போது நான் சட்டைப் பையைத் தடவி ஒரு கனமான சாவிக்கொத்தை எடுத்தேன். நண்பர் ஒருவர் விடவில்லை. "என்ன சார், உங்க காருக்குப் போன்தான் சாவின்னு அவ்வளவு பெருமையாச் சொன்னீங்களே, இப்ப கொத்துச் சாவியோட அலையறீங்க?" என்றார்.

அவருக்கு அங்கேயே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

சாவி விஷயத்தில் நான் பழைய ஆள். என் தாத்தா காலத்தில் இந்த ஊரில் ஓடிய புஷ்-புஷ் வண்டிக்குச் சாவியே கிடையாது. பின்னால் ஒரு ஆள் தள்ளுவார், உட்கார்ந்திருக்கும் துரை முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து வாங்கிய முதல் செகண்ட் ஹேண்ட் காருக்கோ கதவுக்கு ஒரு சாவி, ஓட்டுவதற்கு ஒரு சாவி, டிக்கிக்கு ஒரு சாவி. மழைக்காலத்தில் மூன்றுமே சரியாகத் திரும்பாது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பியிருக்கிறேன்.

2023 பொங்கலுக்கு வந்திருந்த மகன், ஊருக்குத் திரும்புவதற்குள் புதுக் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டான். அவன் பாரிஸில் இருக்கிறான். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. வண்டியின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நடந்ததெல்லாம் எங்கள் வீட்டுக் குளறுபடி. "அப்பா, இதுக்குச் சாவி வேண்டாம். உங்க போன் போதும்" என்று சொல்லி, என் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். வண்டிக்குப் பக்கத்தில் போய் அதைத் தொட்டால் கதவு திறக்கும். போன் உள்ளே இருந்தால் பட்டனை அழுத்தியதும் வண்டி கிளம்பும். ப்ளூடூத்தில் வேலை செய்கிறது, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றான். (இன்னொரு வகையும் இருக்கிறது. போனைக் கதவுக் கைப்பிடியில் ஒட்டினாற்போல் காட்ட வேண்டும், மெட்ரோவில் கார்டைக் காட்டுவது மாதிரி. அதற்கு என்.எஃப்.சி. என்று பெயர்.) அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி 2017லேயே போனைச் சாவியாக்கிவிட்டது. 2020 ஜூனில் ஆப்பிளும் பி.எம்.டபிள்யூ.வும் சேர்ந்து அறிவித்தார்கள். இப்போது நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் வண்டிகளிலேயே வந்துவிட்டது.

பெருமையாகத்தான் இருந்தது. மறுக்கவில்லை. பெரிய மார்க்கெட் வாசலில் நாலு பேர் பார்க்க போனைத் தட்டிக் கதவைத் திறந்திருக்கிறேன்.

ஆனால் கொஞ்ச நாளில் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. அந்த ஆப்பில் 'உரிமையாளர்' என்று இருப்பது மகனின் மின்னஞ்சல். என் போனுக்கு வந்தது அவன் 'பகிர்ந்த' சாவி. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர், ஆப்பில் நான் விருந்தாளி. வண்டி எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, எல்லாம் அவன் பாரிஸில் இருந்தே பார்க்கலாம். ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "அப்பா, வில்லியனூருக்கு எதுக்குப் போனீங்க? டாக்டர் தூரம் ஓட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்ல" என்றான். கோவிலுக்குப் போனேன் என்றேன். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. பதினெட்டு வயதில் அவன் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே போனான் என்று நான் கேட்டபோது அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வண்டியோடு வந்த நிஜச் சாவிகள் இரண்டு. ஒன்றை மகன் தவறுதலாகப் பெட்டியில் போட்டு பாரிஸுக்கே கொண்டுபோய்விட்டான். இன்னொன்றை என் வீட்டுக்காரி ஒரு மஞ்சள் துணியில் சுற்றி கோத்ரெஜ் பீரோவில் வைத்துவிட்டாள். நான் அதை மறந்தே போனேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் காற்றால் அடித்தது என்றால், இது தண்ணீரால் அடித்தது. கரையைக் கடந்த பிறகும் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்று, ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. எங்கள் ரெயின்போ நகரில் சாதாரண மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கும்.

எங்கள் தெருவில் கரண்ட் மதியமே போய்விட்டது. புயல் எங்கே இருக்கிறது என்று நான் நாள் முழுக்கப் போனிலேயே நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு எதிர் வீட்டுத் தம்பி மழைக்கோட்டோடு வந்து கதவைத் தட்டினார். "சார், தண்ணி ஏறுது. உங்க வண்டியை தெருக்கோடியில இருக்கிற புது வீட்டு போர்ட்டிகோவுல ஏத்திடுங்க. அவங்க கேட்டைத் திறந்துவிடறாங்க. இன்னும் அரை மணி போனா முடியாது" என்றார். அந்த வீடு தெரு மட்டத்துக்கு நாலு அடி உயரத்தில் கட்டியது.

குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். காருக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்தால், இரண்டு சதவீதம் என்று காட்டியது. ஆப்பைத் திறந்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் ஈரம், விரல் பட்டால் வேறு எதுவோ திறக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது. (சில ஐபோன்களில் சார்ஜ் தீர்ந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை கார் சாவி மட்டும் வேலை செய்யுமாம். அது என்.எஃப்.சி. வகைக்கு. என்னுடையது அந்த வகையும் இல்லை, ஐபோனும் இல்லை.)

என் சொந்தக் காருக்கு வெளியே, மழையில், ஒரு திருடனைப் போல கைப்பிடியை இழுத்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க!" என்று வாசலில் இருந்து குரல். அவள் கையில் மஞ்சள் துணி. இன்னொரு கையில் டார்ச்.

சாவியை வாங்கி அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பீரோவில் கிடந்ததில் அதன் பட்டன் செல் செத்துப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணம் மட்டும் இல்லை. மகன் வாங்கிக் கொடுத்த வண்டியைக் காப்பாற்றத் துப்பில்லாத கிழவன் என்று ஆகிவிடுமே என்றுதான்.

எதிர் வீட்டுத் தம்பிதான் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டில் இருந்த சின்ன விசையைத் தள்ளினார். உள்ளே இருந்து பழையபடி ஒரு இரும்புச் சாவி வெளியே வந்தது! கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடி. அதை நகத்தால் பெயர்த்தால் பின்னால் சாவித் துவாரம். இத்தனை நாள் ஓட்டியும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. திறந்ததுதான் தாமதம், வண்டி ஊளையிட ஆரம்பித்தது. திருட்டு அலாரம். கரண்ட் இல்லாத தெருவில், அந்தக் காற்றில், அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால், சாவி இல்லை என்கிறது வண்டி. கையில் சாவியை வைத்துக்கொண்டு! அவள் பக்கத்து சீட்டில் நனைந்தபடி ஏறி உட்கார்ந்தாள். டாஷ்போர்டைத் திறந்து, நான் ஒருநாளும் பிரிக்காத கையேட்டை எடுத்து டார்ச் அடித்துப் படித்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், பொருளடக்கத்தில் இருந்து ஆரம்பித்தாள். "அதெல்லாம் படிக்க நேரமில்லை" என்று கத்தினேன். "சும்மா இருங்க. இதோ இருக்கு. சாவியோட பேட்டரி தீர்ந்திருந்தா, சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்தணும்" என்றாள்.

விரலுக்குப் பதிலாகச் சாவியின் தலையால் பட்டனை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. ஊளை நின்றது. சாவிக்குள் இருக்கும் ஒரு சில்லுக்கு வேண்டிய துளி மின்சாரத்தை வண்டியே அந்த நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நூறு மீட்டர் தூரம். முதல் கியரிலேயே ஊர்ந்து போய் போர்ட்டிகோவில் ஏற்றினேன்.

மறுநாள் விடிந்தபோது எங்கள் வாசலில் இடுப்பளவு தண்ணீர். கிருஷ்ணா நகரில் ராணுவம் படகில் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, போன் இல்லை, ஊரில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. எதிர் வீட்டு மாடியில் இருந்து பிரெட்டும் பாலும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் பவர் பேங்க் ஒன்று கிடைத்து என் போனுக்கு உயிர் வந்தது. மகனிடம் இருந்து முப்பதுக்கு மேல் மிஸ்டு கால். கூப்பிட்டேன். பயந்துபோய் இருப்பான் என்று நினைத்தால், குரல் நிதானமாக இருந்தது. "சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் உயிரே இல்லப்பா எனக்கு. அப்புறம் ஆப்பைப் பார்த்தேன். வண்டி வீட்டு வாசல்ல இல்ல, கொஞ்சம் தள்ளி நின்னுது. அப்பா வண்டியை நகர்த்தியிருக்கார், அப்ப நல்லாத்தான் இருக்கார்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றான். வண்டிக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறதாம். டவர் விழுவதற்கு முன் அது ஒரு சேதி சொல்லியிருக்கிறது.

நான் ஒன்றும் பேசவில்லை. வில்லியனூர் கோபம் மனதின் ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவன் பார்த்தது நல்லதுதானே என்று அவளிடம் சொன்னேன். "அம்மா கையேடு படிச்சாங்கன்னு அவனுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்.

அடுத்த முறை அவன் வந்தபோது சில ஏற்பாடுகளைச் செய்தோம். உரிமையாளர் கணக்கு என் பெயருக்கு மாறியது. அவனுக்கு இப்போது நான் பகிர்ந்த சாவி. இடம் பார்க்கும் வசதியை நானே அவனுக்குத் திறந்துவிட்டேன். அவள் போனிலும் ஒரு சாவி போட்டோம். கணக்கின் கடவுச்சொல்லை இன்சூரன்ஸ் பத்திரங்கள் இருக்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்கு ஏதாவது ஆனால் அவள் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. பாரிஸ் சாவியும் ஊர் திரும்பிவிட்டது.

இன்னொன்று. இந்த வருஷம் என் பழைய போனை நேரு வீதியில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் போடப் போனேன். கொடுக்கிற நேரத்தில்தான் உறைத்தது, போனைக் கொடுத்தால் காரையும் சேர்த்தல்லவா கொடுக்கிறோம் என்று! அங்கேயே நின்று ஆப்பில் அந்தப் போனின் சாவியை நீக்கிவிட்டு, பிறகுதான் கொடுத்தேன். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் அதே கதைதான். கடைப் பையன் ஸ்கிரீன் லாக் நம்பரைக் கேட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோமே!

2021 நவம்பரில் டெஸ்லாவின் சர்வர் சில மணி நேரம் படுத்துவிட்டதில், பல நாடுகளில் ஆட்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் காருக்கு வெளியே நின்றார்களாம். அதன் முதலாளி எலான் மஸ்க்கே மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நண்பரே, அதனால்தான் கொத்துச் சாவி. போனைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன், வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரும்புச் சாவி பையில் இருக்கும். அதன் பட்டன் செல், சி.ஆர். 2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிவிடுகிறோம். மாற்றிய தேதியை அவள் காலண்டரில் எழுதுகிறாள். கையேடு இப்போது டாஷ்போர்டில் இல்லை. சாமி அலமாரிக்குக் கீழே, பஞ்சாங்கத்தோடு இருக்கிறது.