சிந்தெடிக் ஆயில்: எப்போது மாற்றுவது?

வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு நம்பர் சொல்வார்கள். ஒருவர் 5,000 என்பார், இன்னொருவர் 10,000 என்பார். "சிந்தெடிக் ஊத்திட்டா 15,000 வரைக்கும் திரும்பியே பாக்க வேணாம் தம்பி" என்றும் சிலர் சொல்கிறார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் ஒரே நம்பர் சரிப்படாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு வண்டி. அப்பாவின் பெட்ரோல் கார் கம்பத்துக்குள்ளேயே வீட்டுக்கும் கடைக்கும் ஓடும். வருஷத்துக்கு 4,000 கி.மீ. தாண்டினால் அதிசயம். சித்தப்பாவின் டீசல் ஜீப் அப்படியில்லை. தினமும் விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் போய்ச் சாயங்காலம் இறங்கும். அந்த ஜீப் ஒரு நாள் நின்றால் எங்கள் தெருவில் பல பேருக்கு அன்றைய கூலி போச்சு. சித்தப்பாவுக்கு மாதத் தவணை வேறு இருக்கிறது.

அப்பா பழைய ஆள். எந்த ஆயிலாக இருந்தாலும் 3,000 ஆனால் மாற்றியாக வேண்டும் என்பார். சித்தப்பாவோ, "சாதா ஆயிலை விட ரெண்டு மடங்கு காசு குடுத்திருக்கேன், 15,000 ஓட்டாம விடமாட்டேன்" என்கிறார். மெக்கானிக்கல் படிக்கிற பாவத்துக்கு நடுவில் மாட்டியது நான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது. இது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வந்து சேரும் அழுக்கை அதனாலும் தடுக்க முடியாது. டீசல் கரி, எரியாத பெட்ரோல், தண்ணீர், தூசி எல்லாம் அதில்தான் வந்து கலக்கும். அழுக்கைப் பிடித்து வைக்கச் சேர்க்கும் ரசாயனங்களும் ஓட ஓடத் தீரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தேனி பைபாஸில் சராசரி 50 கி.மீ. வேகத்தில் போனால் 10,000 கி.மீ. ஓட 200 மணி நேரம். மலையில் சராசரி 25 தான் என்றால் அதே தூரத்துக்கு 400 மணி நேரம்! அதுவும் ஆள் பாரத்தோடு, இரண்டாவது கியரில், கொண்டை ஊசி வளைவில். மீட்டரில் ஒரே தூரம்தான், எஞ்சின் படும் பாடு இரண்டு மடங்கு. இது போதாதென்று ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று தூசியை வாரி இறைக்கும். ஏர் ஃபில்டர் சரியில்லை என்றால் அந்தத் தூசி நேராக எஞ்சினுக்குள்தான்.

நம் நாட்டில் பெரும்பாலான கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்பதுதான் கணக்கு. அதே கையேட்டில் "கடினமான பயன்பாடு" என்றும் ஒரு பகுதி இருக்கும். மலை, தூசி, அதிக பாரம், அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது எல்லாம் அதில் வரும். அதற்குச் சில கம்பெனிகள் பாதி இடைவெளிதான் தருகின்றன. இந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் லாங்லைஃப் முறையில் 30,000 கி.மீ. வரை விடுகிறார்களே என்று என் நண்பன் கேட்டான். உண்மைதான். ஆனால் அது அதற்கென்றே தயாரித்த ஆயிலுக்கும், ஓட்டும் விதத்தைக் கணக்கிட்டு எச்சரிக்கும் காருக்கும் சொன்னது. கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புக்குச் சொன்னதல்ல.

ஆக, சித்தப்பா ஜீப்புக்கு 5,000. டர்போ உள்ள வண்டி என்பதால் இன்னொன்றும் சொன்னேன். மலை ஏறி முடித்ததும் சட்டென்று சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விட வேண்டும். இல்லையென்றால் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டிலேயே கருகும்.

அப்பா காருக்கு 3,000 கணக்கு தேவையில்லை, காலண்டர் போதும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் சூடாகவே ஆகாது. உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அப்படியே தங்கும். அதனால் 4,000 தான் ஓடியிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் அடிக்கடி மாற்றினால் காசும் வீண், கழிவு ஆயிலும் கூடும். அந்தக் கழிவு சாக்கடையில் போனால் கடைசியில் முல்லைப் பெரியாற்றுக்குத்தான் போகும். நாம் குடிக்கிற தண்ணீர் அது.

நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டீசல் வண்டியில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்து போன ஆயிலில் மலை ஏறினால், அது எவ்வளவு விலை உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும் எஞ்சினைக் காப்பாற்றாது.