ஏரியிலே ஒரு கில்ட்

கில்ட் என்னும் மடிப்புடையை அணிந்த ஒருவர் தோணி வலித்துச் செல்கிறார் என்று கேள்விப்பட்டால், நம்மவருட் பலருக்கு முதலில் எழுவது நகைப்பே. ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் அவ்வுடையைப் பட்டாளத்து வாத்தியக்காரரோடும் திருமண விருந்துகளோடும் சேர்த்து நினைத்துப் பழகிவிட்டோம். நீரோடு சேர்த்து நினைத்ததில்லை. ஆயினும், சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளம் தள்ளும் மக்களிடையே பிறந்த நாம் இதைக் கண்டு நகைப்பது அத்துணைப் பொருத்தமன்று.

ஸ்கொட்லாந்து மலைநாடு ஈரம் மிகுந்த நாடு. மேற்குக் கரையிலே மழைக்குக் குறைவே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் சேறும் ஓடையுமாக இருக்கும். பண்டைய மலைநாட்டான் நீண்ட கம்பளித் துணி ஒன்றை இடையிலே மடித்துத் தோற்கச்சையால் இறுக்கினான். எஞ்சியதைத் தோளிலே போர்த்தினான். இரவில் அதுவே அவனுக்குப் போர்வை. பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, மேற்பாதியை விடுத்துக் கீழ்ப்பாதியை மட்டும் அணியும் வழக்கம் பரவிற்று. இன்றைய கில்ட் அதன் வழிவந்தது. ஓடையைக் கடக்கும்போது நனைவது காலே, துணியன்று. காலைத் துடைத்துவிட்டு நடக்கலாம். காற்சட்டைக்காரனுக்கோ நனைந்த துணி காலோடு ஒட்டி, நாள் முழுதும் குளிரை ஊட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவையும் எண்ணும்போது, கில்டை நீருக்குப் புறம்பான உடை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அதைத் திருமணப் பந்தலுக்கு மட்டும் உரியதாக்கியது சரித்திரம். 1746ஆம் ஆண்டு கலோடன் போரிலே மலைநாட்டார் தோல்வியுற்றபின், பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வுடையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறையும் பிடிபட்டால் ஏழாண்டுகள் கடல்கடந்த தண்டனை. அரசனுடைய படையிற் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு! தன் ஊரிலே மாடு மேய்க்கும்போது அணியக்கூடாத உடையை, அரசனுக்காக அந்நிய மண்ணிலே சுடப்பட்டு இறக்கும்போது அணியலாம் என்பது அதன் பொருள். 1782ஆம் ஆண்டு சட்டம் நீங்கிற்று. அதற்குள் ஒரு தலைமுறை அவ்வுடையின்றியே வளர்ந்துவிட்டது. 1822 ஓகஸ்ட் மாதத்தில் நாலாம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, நாவலாசிரியர் சேர் வோல்டர் ஸ்கொட் வகுத்த கோலாகலத்திலே கில்ட் மீண்டும் பவனி வந்தது. ஆனால் அது வேலைக்காரனின் உடையாகத் திரும்பவில்லை. விழாக்காலத்து உடையாகவே திரும்பிற்று. இன்றும் அங்கே பலர் அதைத் திருமணத்துக்கென வாடகைக்கு எடுத்து அணிந்து, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். நம் வீடுகளிற் பட்டு வேட்டி படும் பாட்டை நினைத்துக்கொண்டோம்.

இனித் தோணிக்கு வருவோம். கனூ என்பது மேற்புறம் திறந்த தோணி. அதன் அடியிலே முழந்தாளிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் வலிப்பர். முழங்கால்கள் அகன்று நிற்க வேண்டும். அதற்குக் கில்ட் இடங்கொடுக்கும். பின்புற மடிப்புகளின்மேலே சாய்ந்திருப்பதால் காற்றும் அதைத் தூக்க முடியாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். முழங்காலின் கீழே ஒரு மெத்தை மட்டும் வேண்டும்; தோலாலான இடுப்புப்பையை வீட்டிலே விட்டுவருதல் நன்று.

கயாக்கோ வேறு சாதி. வடதுருவத்து இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் விலங்குத் தோலை இழுத்துத் தைத்து ஆக்கியது அது. மேற்புறமும் மூடியிருக்கும், ஓர் ஆள் நுழைவதற்கான துளை ஒன்றே உண்டு. அதனுள்ளே கால்களை நீட்டி அமர்ந்து, இருமுனையிலும் அலகுடைய துடுப்பால் வலிப்பர். நீர் உட்புகாதபடி, துளையின் விளிம்போடு இறுகப் பொருந்தும் உறையொன்றை இடுப்பிலே அணிவர். அவ்வுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘தெறிநீர்ப் பாவாடை’ என்று பொருள்படும். தமது கில்டை எவரேனும் பாவாடை என்றால் கண் சிவக்கும் ஸ்கொட்லாந்துக்காரர், கயாக்கில் ஏறும்போது மெய்யாகவே பாவாடை கட்டியாக வேண்டும்!

வேடிக்கை அவ்வளவோடு நிற்கட்டும். கயாக் கவிழ்ந்து, அதை நிமிர்த்த இயலாவிட்டால், தலைகீழாய் இருந்தபடியே உறையை அகற்றிக் கால்களை உருவிக்கொண்டு வெளிவர வேண்டும். முழுமையான கில்ட் ஒன்றிலே ஏழு மீற்றர் அளவான கம்பளி மடிக்கப்பட்டிருக்கும். நனைந்து கனத்த மடிப்போ, பக்கத்துத் தோல்வாரோ எங்கேனும் சிக்கிக்கொண்டால் மூச்சுக்கு இடமில்லை. நெஸ் ஏரியின் ஆழம் ஏறக்குறைய 230 மீற்றர். அதன் அடிநீர் ஆண்டு முழுவதும் ஆறு பாகைச் சதமளவு குளிரிலேயே கிடக்கும். உடையின் மானம் பெரிதுதான். எனினும் கயாக்கிலே அதை அணியலாகாது என்பதே நமது துணிபு. ஸ்கொட்லாந்து வழிவந்த ஜோன் மக்கிரெகர் என்னும் நியாயவாதி, 1865ஆம் ஆண்டிலே பதினைந்தடி நீளமான, மேல்மூடிய ஒற்றையாள் தோணியில் ரைன், டான்யூப் முதலிய ஐரோப்பிய ஆறுகளிற் சென்று புகழ்பெற்றார். தோணிக்கு மலைநாட்டு வீரன் ‘ரொப் ரோய்’ பெயரைச் சூட்டியவர், அதிலே அணிந்துகொண்டதோ சாம்பல்நிற ஃபிளனல் உடை. புத்திமான்!

இருவகைத் தோணியையும் ஒருங்கே நாம் கண்டது போர்ட் ஓகஸ்டஸ் என்னும் சிற்றூரிலே. மன்னர் எடின்பரோவுக்கு வந்த அதே 1822இன் ஒக்டோபரிலே திறக்கப்பட்ட கலிடோனியன் கால்வாய் அவ்வூரின் நடுவே ஓடுகிறது. தோமஸ் டெல்போர்ட் என்னும் பொறியியலாளர் வெட்டுவித்தது. நீளம் அறுபது மைல். அதில் இருபத்திரண்டு மைலே வெட்டியது. ஏனையவை இயற்கை ஏரிகள். போர்ட் ஓகஸ்டஸிலே ஐந்து நீர்க்கதவறைகள் படிபோல் அடுக்காய் இறங்கி நெஸ் ஏரியிற் சேர்கின்றன. துடுப்பு வலித்து வருவோர் அங்கே கரையேறித் தோணியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஆனி மாதத்து மாலை அது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், நிறம் மங்கிய கில்டோடு, கனூவைத் தலைமேற் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு படியோரமாக இறங்கிவந்தார். பின்னே அவர் மகன், கழுத்துவரை இரப்பர் உடை அணிந்து, கயாக்கைச் சிறு சக்கர வண்டியில் இழுத்து வந்தான். பேச்சுக் கொடுத்தோம். கில்ட் அவருடைய தந்தையாருடையதாம். இத்தகைய முதுசத்தை ஏரியிலே பாழாக்கலாமா என்று வினவினோம். பெட்டியில் வைத்திருந்த காலத்திலேதான் அந்துப்பூச்சி அரித்ததென்று சொல்லி, தைத்து மூடிய மூன்று துளைகளைக் காட்டினார். நீரில் நனைந்தது ஒவ்வொரு முறையும் காய்ந்துவிட்டதாம். மகனைக் கயாக்கில் அதை அணிய விடுவீரோ என்றதற்கு, இல்லவே இல்லை என்று தலையசைத்தார்.

ஏரிக்கரையிலே கூடாரம் அடித்தபின், மகன் கயாக்கின் பின்னறையைத் திறந்து நீர்புகாப் பை ஒன்றை எடுத்தான். அதனுள்ளே அவனுக்கும் ஒரு கில்ட். மடிப்புக் குலையாமற் சுருட்டி வைத்திருந்தான். இரப்பர் உடையைக் களைந்து அதை அணிந்துகொண்டு தந்தைக்கு அருகே அமர்ந்தான். காற்று ஓய்ந்தது. மலைநாட்டிலே காற்று ஓய்ந்த கோடை மாலையில், நுளம்பினும் நுண்ணிய கடிபூச்சிகள் முகில்போற் கிளம்பும். சற்று நேரத்தில் அவ்விருவரும் தத்தம் முழங்கால்களில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தனர். காற்சட்டை அணிந்திருந்த நாம் அடித்துக்கொண்டது முகத்தில் மட்டுமே.