பத்தாவது வீடு

2005 கோடை. நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டையில் தார் ஷீட் அடித்த தற்காலிகக் குடியிருப்புகள் அனலாய்க் கொதித்தன. ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 உயிர்களுக்கு மேல் கொண்டுபோயிருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்திருந்த எனக்கு அப்போது வயது 23. நாளைக்கு 14 வீடு போக வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, நிவாரணம் வந்ததா என்று பதிவேட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் எண்ணிக்கையை வாசிக்க வேண்டும்.

ஒருநாள் பத்தாவது வீட்டில் ஒரு தாய், மடிப்புக் கலையாத பள்ளிச் சீருடையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். போட்டுக்கொள்ளப் பிள்ளை இல்லை. வெளியே வந்து ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் 14 வீடு என்று எழுதிவிட்டேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. சனிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றார். "வா தம்பி, அந்த 4 வீட்டுக்கும் போயிட்டு வந்துடலாம்."

போனோம். அழுகிறவர் முன்னால் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது எப்படி, "நாளன்னைக்கு வர்றேம்மா" என்று சொல்லி எழுந்துவருவது எப்படி என்று அன்றுதான் பார்த்துக் கற்றேன். திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "போகாத வீட்டைப் போனதா எழுதுனது தப்பு. இன்னைக்கே திருத்திடு. ஆனா அந்தப் பத்தாவது வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நீ யாருகிட்டயும் சொல்லலையே, அதுல என் தப்பும் இருக்கு. நான் எண்ணிக்கையைத்தான் கேட்டேன். உன்னைக் கேக்கல."

அடுத்த வாரத்திலிருந்து மீட்டிங்கின் முதல் அரை மணி நேரம் பதிவேடு திறக்கப்படவில்லை. அந்த வாரம் மனசை அழுத்தியது எது என்று ஒவ்வொருவரும் சொன்னோம். கணக்கில் பொய் எழுத எங்களில் யாருக்கும் அதன்பின் தேவை இருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கதுஷின் சமூகப்பணி மேற்பார்வை பற்றி 1976இல் வெளியிட்ட நூலைப் படித்தேன். மேற்பார்வையாளருக்கு 3 வேலைகள் என்கிறார்: நிர்வகிப்பது, கற்பிப்பது, தாங்குவது. அக்கா அந்த ஒரே காலையில் மூன்றையும் செய்திருந்தார். தாங்குவது என்றால் தவறைக் கண்டும் காணாமல் விடுவதென்று பலர் நினைக்கிறார்கள். அக்கா பதிவேட்டைத் திருத்தச் சொன்னார், திருத்துவதற்குத் துணையாகவும் வந்தார். துணை வராதவர் சொல்லும் திருத்தம் மிரட்டலாகத்தான் காதில் விழும்.

இந்தத் துணைக்கு நேரம் வேண்டும். தொண்டு நிறுவனங்களில் கிடைக்காத பொருளும் அதுதான். திட்ட வரைவில் வண்டிக்கும் பயிற்சிக்கும் தொகை ஒதுக்குகிறோம், ஊழியர் பக்கத்தில் உட்காரும் அரை மணி நேரத்துக்கு ஒதுக்குவதில்லை. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020 சட்டத்திருத்தத்தால் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தபின், நிர்வகிப்பவர்களின் சம்பளத்தில்தான் முதலில் கைவைக்கிறார்கள். ஒரே மேற்பார்வையாளரின் தலையில் இரண்டு வட்டாரங்கள் விழுகின்றன. ஊரார் துயரத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வரும் 22 வயதுப் பெண்ணிடம், "டார்கெட் முடிஞ்சுதா?" என்று கேட்க மட்டுமே அவருக்கு நேரமிருக்கிறது. அந்தப் பெண் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறாள். அவளை நம்பிப் பேசத் தொடங்கிய குடும்பங்கள் மறுபடி வாயை மூடிக்கொள்கின்றன. நிதி கொடுப்பவர்கள் இந்த இழப்பையும் செலவுக் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் மேற்பார்வையாளன். ஒரு நாளும் குறையாமல் 14, 14 என்று நிரம்பிய பதிவேடு என் மேசைக்கு வந்தால் அதை மூடிவைத்துவிடுகிறேன். எழுதியவரை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, எந்த வீட்டில் அதிக நேரம் இருந்தீர்கள் என்று கேட்கிறேன்.