நிமிஷத்துக்கு மூவாயிரம்

வீட்டில் டிஜிட்டல் கடிகாரம் செய்ய நினைப்பவர்கள் இன்று யோசிக்காமல் வாங்குவது டிஎஸ்3231 என்ற ஐசி. உள்ளேயே குவார்ட்ஸ் படிகம், வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதி. வருஷத்துக்கு ஒரு நிமிஷம் பிசகினால் அதிகம். ஒரு ஆர்டுயினோ, நாலு வயர், முப்பது வரி புரோகிராம், அவ்வளவுதான். ஆபீஸில் நாள் முழுக்க நான் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: நேரத்தை இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்குவது. அந்த விநாடியை யார் எண்ணுகிறார்கள் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்போல இருந்தது. அதனால் படிகமே வேண்டாம், சுவரில் வரும் கரண்டையே எண்ணுவோம் என்று முடிவு செய்தேன்.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை திசை மாறி மாறி அலைகிறது. ஐம்பது அலை ஒரு விநாடி, மூவாயிரம் ஒரு நிமிஷம். எண்ணத் தெரிந்தால் போதும், கடிகாரம் தயார்.

தாம்பரத்தில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனேன். 7490 ஐசி எட்டு வேண்டும் என்றதும் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "இதெல்லாம் காலேஜ் லேபுக்குத்தான் சார் போவுது. ஆர்டுயினோ எடுத்துக்குங்களேன்?" இல்லண்ணே, இதேதான் வேணும் என்றேன். உள்ளே போய் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார்.

7490 பத்துவரை எண்ணும். இரண்டைக் கோத்து ஐம்பதுக்கு ஒரு துடிப்பு எடுக்கலாம். மீதி ஆறும் மணி, நிமிஷம், விநாடியின் ஆறு இலக்கங்களுக்கு. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு 7447, ஏழு ரெசிஸ்டர். ஆக நாற்பத்திரண்டு ரெசிஸ்டர்களை உட்கார்ந்து சால்டர் செய்தேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நள்ளிரவு. 23:59:59க்குப் பிறகு கடிகாரம் உண்மையில் 24ஐத் தொடுகிறது. இரண்டு ஐசிகளின் கால்கள் அதைப் பார்த்த கணமே எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நேரம்தான், ஆனால் தினமும் ஒருமுறை என் மேஜைமேல் 24 மணி அடிக்கிறது. 230 வோல்ட்டை நேராகத் தொடவில்லை. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நடுவில் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் மட்டும் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும்.

நாலாவது நாள் அம்மா கேட்டார்.

"இது பின்னாடி ஓடுதுடா. போன்ல ஆறு பத்து, இதுல இன்னும் ஆறு ஒம்பது."

"கரண்ட் மெதுவா வருதும்மா."

"கரண்ட் மெதுவா வந்தா ஃபேனும் மெதுவாத்தான ஓடணும்?"

"ஓடுது. நமக்குத் தெரியல."

அம்மாவின் கேள்வி சரியானது. மின்நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரின் வேகம்தான் இந்த ஐம்பது. ஊரே ஏசி போட்டால் பாரம் ஏறி அது இம்மியளவு தளர்கிறது, பாரம் குறைந்தால் வேகமெடுக்கிறது. இதில் ஊர் என்பது தாம்பரம் இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தென்னக மின்தொகுப்பை மற்றதோடு இணைத்தது. அன்று முதல் கல்பாக்கமும் நெய்வேலியும் பக்ரா அணையும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. 2012 ஜூலை கடைசியில் வடக்கே சுமார் 60 கோடிப் பேர் இருட்டில் கிடந்தபோது நமக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அப்போது நாம் அந்தத் தாளத்தில் இல்லை.

இன்றைய விதிப்படி அலைவரிசை 49.90க்கும் 50.05க்கும் நடுவில் இருக்க வேண்டும். நாள் முழுக்க 49.90 என்றால் என் கடிகாரம் 173 விநாடி பிந்தும். தொண்ணூறுகளில் தெற்கே 48.5க்கும் கீழே போன நாட்கள் உண்டு. அது அப்படியே நீடித்தால் ஒரு நாளில் 43 நிமிஷம் போய்விடும். 2018இல் ஐரோப்பாவிலும் இது நடந்தது. செர்பியா, கொசோவோ தகராறில் மின்சாரம் பற்றாமல் போய், மார்ச் தொடக்கத்தில் பல நாடுகளின் அடுப்பு, அலார கடிகாரங்கள் ஆறு நிமிஷம் பிந்தி நின்றன.

பெரிய நாடகம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. 2020 ஏப்ரல் 5 இரவு நாடே ஒன்பது நிமிஷம் விளக்கணைத்தபோது அலைவரிசை 50.26 வரை ஏறியது. ஒன்பது நிமிஷமும் அங்கேயே நின்றிருந்தால்கூட இப்படி ஒரு கடிகாரம் மூன்று விநாடி முந்தியிருக்காது. முப்பதாயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஒரே மூச்சில் குறைந்தும் அவ்வளவுதான். தொகுப்பை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான்.

டிஎஸ்3231 ஒன்று டிராயரில் இருக்கிறது. மாற்ற ஒரு மாலை போதும். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். காலையில் காபி போட்டதும் போனையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தினக் காலண்டர் தாளில் ராகுகாலத்துக்குக் கீழே பென்சிலால் எழுதுகிறார். 'நேத்தைக்கு மேல 22 செகண்ட் லேட்.' 'ஞாயிறு, 9 செகண்ட் முன்ன.' தாளைக் கிழித்தாலும் எறிவதில்லை, ஒரு கிளிப்பில் சேர்த்து வைக்கிறார். போன வாரம் டிவியில் டெல்லியில் வெயில் கொளுத்துகிறது என்ற செய்தி வந்தபோது, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு நம்மது பின்னாடி போவும் பாரு."