யாரோ எழுதிச் சேர்த்த இயல்பு

கம்பைலர் உலகில் 'இன்ட்ரின்சிக்' என்றொரு சொல் உண்டு. உள்ளார்ந்தது, இயல்பிலேயே இருப்பது என்று பொருள். பெங்களூரில் ஒரு சிப் கம்பெனியில் புது இன்ட்ரின்சிக்குகளைச் சேர்ப்பதுதான் என் வேலை. இயல்பிலேயே இருப்பதை எப்படிப் புதிதாகச் சேர்ப்பது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாம் எழுதும் நிரலை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். 8 பிட்டில் 255 வரைதான் அடங்கும். 250உடன் 10ஐக் கூட்டினால் 260 வராது. சுற்றிவந்து 4 ஆகிவிடும். படத்தைக் கொஞ்சம் பிரகாசமாக்கப் போனால் வெள்ளைப் புள்ளி கறுத்துவிடும். எங்கள் சிப்பில் இதற்கென ஒரு கட்டளை வந்தது. விடை 255ஐத் தாண்டினால் 255லேயே நிறுத்திவிடும். ஒரே நேரத்தில் நான்கு ஜோடி எண்களைக் கூட்டும். சி மொழியின் கூட்டல் குறியால் இதைக் கேட்டு வாங்க முடியாது. அதற்குத்தான் இன்ட்ரின்சிக்.

எல்எல்விஎம் கம்பைலரில் முதலில் அதை அறிவிக்க வேண்டும்: பெயர், என்ன வாங்கும், என்ன தரும், என்னென்ன குணங்கள். 'நினைவகத்தைத் தொடாது' என்று எழுதிவைக்காவிட்டால், எதை வேண்டுமானாலும் மாற்றிவிடும் என்றே கம்பைலர் சந்தேகப்படும். அடுத்து, சி மொழியில் அழைக்க ஒரு பெயர். பிறகு, இது வந்தால் இந்தக் கட்டளையைப் போடு என்ற விதி. அது இல்லையென்றால் 'கேனாட் செலக்ட்' என்று கம்பைலர் நின்றுவிடும். கடைசியாக, டெஸ்ட்.

இவ்வளவும் முடிந்தபின், பயன்படுத்துகிறவர் ஒரு ஃபங்ஷனை அழைப்பதுபோல ஒரு வரி எழுதுவார். அந்த இடத்தில் ஒற்றைக் கட்டளை வந்து உட்காரும். கம்பைலருக்குப் பிறவியிலேயே தெரியும்போலத் தோன்றும். எழுதிச் சேர்த்தவள் கண்ணில் படமாட்டாள்.

இந்த வேலைக்கு வந்த பிறகு, 'அது அவள் இயல்பு' என்று யார் சொன்னாலும், அதை எழுதிவைத்த ஃபைல் எங்கே என்று மனம் தேடுகிறது.

அம்மாவின் ரசத்தைக் கைமணம் என்பார் அப்பா. ஒன்பது வயதில் பாட்டி அம்மாவை அடுப்படியில் நிறுத்தினார். உப்பு கூடினால் திட்டு, குறைந்தால் திட்டு. மாமாவை யாரும் அங்கே நிறுத்தவில்லை. அந்தக் கைமணத்துக்குப் பின்னால் எத்தனை வருட டெஸ்ட்!

எங்கள் துறையிலும் இதே கதைதான். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1952இல் ஏ-0 என்ற தொடக்ககாலக் கம்பைலரை உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர். அப்போது நிரல் அமைப்பது குமாஸ்தா வேலைபோல, பெண்களுக்குத் தோதானதாகக் கருதப்பட்டது. பணமும் மதிப்பும் வந்ததும் அதுவே ஆண்களின் இயல்பாகிவிட்டது. 1966இல் தொடங்கிய டூரிங் விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2006 ஆனது. அவர் ஐபிஎம்மின் பிரான்சிஸ் ஆலன். கம்பைலர்களை மேம்படுத்தியதற்காகப் பெற்றார்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். பெண் நான் ஒருத்திதான். மீட்டிங் குறிப்பு எழுதுவது, பிரிவு விழாவுக்குக் கேக் சொல்வது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் தலையில். ஓர் ஆண்டு என் மதிப்பீட்டில் 'இயல்பிலேயே பொறுமைசாலி' என்று இருந்தது. நான் சேர்த்த 22 இன்ட்ரின்சிக்குகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பாராட்டுதானே, இதை ஏன் மாத்தணும்?" என்றார் மேனேஜர்.

பொறுமைக்கு இங்கே சம்பள உயர்வு கிடையாது என்றேன். கமிட் பட்டியலை எடுத்து முன்னால் வைத்தேன். அவற்றை மதிப்பீட்டில் எழுத வேண்டும், மீட்டிங் குறிப்பை எல்லோரும் முறைவைத்து எழுத வேண்டும் என்று கேட்டேன். முதலாவது இரண்டு நாளில் நடந்தது. இரண்டாவதற்கு மூன்று மாதம் விடாமல் கேட்க வேண்டியிருந்தது.

முதல் முறை ஒரு சீனியருக்கு வந்தது. "எனக்கெல்லாம் இது வராதும்மா" என்று நழுவப் பார்த்தார்.

"எழுதுங்க சார், வரும்" என்றேன்.

இப்போது அவருடைய குறிப்புகள் என்னுடையதைவிடத் தெளிவாக இருக்கின்றன. அவருக்கு அது இயல்பாக வருகிறது என்று நான் சொல்வதில்லை. கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்கிறேன்.