கேஸ் எங்க சார் போச்சு?

கார் ஏசி குளிரலைன்னு கடைக்குப் போனா, பல இடத்துல பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடும். "கேஸ் கம்மியாயிடுச்சு சார், அடிச்சுடலாம்." வெயில்ல வெந்து போய் நிக்கற நாமளும் தலையாட்டிடுவோம். சில வண்டிகள்ல ரெண்டு மாசம் குளிரும். அப்புறம் அதே கடை, அதே பதில், அதே பில்லு.

மக்களே, ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை. ஓட ஓட எரிஞ்சு தீர்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்லை. மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்ற சமாச்சாரம் அது. ரப்பர் ஹோஸ், சீல் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கசியும், வாஸ்தவம்தான். ஆனா போன கோடையில ஜில்லுனு இருந்த வண்டி இந்தக் கோடையில கேஸே இல்லாம நிக்குதுன்னா, எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அதனால கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு. ஒண்ணு, கேஸ் நிஜமாவே கம்மியா? ரெண்டு, கம்மின்னா அது எங்க போச்சு?

எங்க வீட்டுல இந்தக் கேள்வி ஏன் வந்துச்சுன்னு சொல்லிடறேன். அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷின்ல படுத்துட்டு வெளிய வரும்போது மதியம் ரெண்டு ஆயிடும். பிரஷர் இறங்கி, ஆள் துவண்டு போயிருப்பார். தாகத்துக்குத் தண்ணி கூட அளந்துதான் குடிக்கணும். வாழ்க்கை பூரா "ஏசியெல்லாம் எதுக்குடா, ஜன்னலை இறக்கி விடு, காத்து வந்தா போதும்"னு சொன்ன மனுஷன். போன சித்திரையில ஒரு நாள் பல்லாவரம் சிக்னல்ல நின்னப்போ, வெண்ட்டுல இருந்து அனல் அடிக்குது, அப்பா ஒண்ணுமே சொல்லலை. கண்ணை மூடிச் சாஞ்சுட்டார். ஜன்னலைத் திறந்தா ஜிஎஸ்டி ரோட்டுச் சூடு அதைவிட மோசம். எனக்குக் கை நடுங்கிடுச்சு.

மறுநாள் ஒரு ஏசி கடை. சாவியை வாங்கறதுக்கு முன்னாடியே "கேஸ் சார்"னுட்டார். "கேஜ் போட்டுப் பார்க்கலாமே"ன்னேன். "தேவையில்லை சார், பார்த்தாலே தெரியும்." எனக்கு ஒரே ஒரு விஷயம் உறுத்திச்சு. வண்டி ஓடும்போது நல்லாவே குளிருது, சிக்னல்ல நின்னாதான் சூடாகுது. கேஸ் இல்லாத வண்டிக்கு ஓடறதும் நிக்கறதும் எப்படித் தெரியும்? கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

இங்க கொஞ்சம் பாடம் எடுக்கறேன், பொறுத்துக்கோங்க :-) கம்ப்ரெஸர் கேஸை நெருக்குது, அது கொதிக்கக் கொதிக்க வெளிய வருது. வண்டியோட முன்பக்கம், ரேடியேட்டருக்கும் முன்னாடி, கண்டென்சர்னு ஒரு தகடு நிக்குதில்லையா, அதுல காத்து பட்டதும் கேஸ் ஆறி திரவமாயிடும். அந்தத் திரவம் ஒரு குட்டி வால்வு வழியா டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற கூலிங் காயிலுக்குள்ள போகும்போது அழுத்தம் சட்டுனு குறையுது, ஆவியாகுது. ஆவியாகறதுக்கு வேண்டிய சூட்டை வண்டிக்குள்ள இருக்கற காத்துகிட்டயிருந்து புடுங்கிக்குது. நமக்கு ஜில். நம்ம ஊர்ல ஓடற கார்கள்ல பெரும்பாலும் இருக்கற ஆர் 134ஏ, சாதாரணக் காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கற வஸ்து.

ஆக, உள்ள புடுங்கின சூட்டை கண்டென்சர் வெளிய கொட்டியாகணும். வண்டி ஓடும்போது எதிர்காத்து அந்த வேலையைப் பார்த்துக்கும். நிக்கும்போது ஃபேன்தான் பார்க்கணும். ஃபேன் படுத்துடுச்சுன்னா சிக்னலுக்குச் சிக்னல் அனல்தான்.

வீட்டு வாசல்லயே, ஒத்தை ஸ்பேனர் இல்லாம நான் பார்த்தது இவ்வளவுதான்:

1. இன்ஜினை ஓட விட்டு, ஏசியை ஃபுல்லா வெச்சு, பானெட்டைத் திறந்தேன். கம்ப்ரெஸர்ல "டக்"னு சத்தம் வந்து முன் தகடு புல்லியோட சேர்ந்து சுத்துது. கிளட்ச் பிடிக்குதுன்னு அர்த்தம். (சில புது வண்டிகள்ல இந்தக் கிளட்சே கிடையாது, சத்தத்தைத் தேடாதீங்க. 1940 மாடலா ஏசியோட வந்த பேக்கார்டு கார்லயும் கிளட்ச் இல்லை. ஏசியை முழுசா நிறுத்தணும்னா இறங்கிப் போய் பெல்ட்டைக் கழட்டணும்!)

2. கண்டென்சர் ஃபேன் சுத்தலை. எங்க வண்டியில ரேடியேட்டருக்குத் தனி ஃபேன், கண்டென்சருக்குத் தனி ஃபேன். அதனாலதான் இன்ஜின் சூட்டு முள் ஏறாம நல்ல பிள்ளையா இருந்துச்சு. கையை மட்டும் உள்ள விட்டுடாதீங்க. நிக்கற ஃபேன் எப்ப வேணா சுத்த ஆரம்பிக்கும்.

3. கண்டென்சர் மேல மெதுவா ஹோஸ்ல தண்ணி விட்டேன். ரெண்டு நிமிஷத்துல உள்ள வெண்ட்டு ஜில்லுனு ஆயிடுச்சு. சூட்டை வெளிய தள்ளறதுலதான் கோளாறு, வேற எங்கயும் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு.

4. ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. அதே பெட்டியில இருந்த அதே நம்பர் ரிலேயை மாத்திப் போட்டும் ஃபேன் அசையலை.

அப்புறம் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். பேட்டரியில இருந்து மோட்டாருக்கு நேரா கரண்ட் குடுத்தார். ம்ஹூம். உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு போயிருக்கு. மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி, என் திருப்திக்காக கேஜும் மாட்டினார். ஹை சைடு 350 பி.எஸ்.ஐ. தாண்டி ஏறிக்கிட்டே போகுது, சட்டுனு இன்ஜினை நிறுத்தினார். மாத்தின பிறகு, அதே உச்சி வெயில்ல, ஹை சைடு 230 பக்கம், லோ சைடு 40. கேஸ் ஒரு சொட்டு ஏத்தலை.

இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். கேஸ் கம்மின்னா கேஜுல ரெண்டு பக்கமுமே கம்மியா காட்டும். எங்க வண்டியில ஏற்கெனவே எகிறிக்கிட்டு இருந்துச்சு. அது மேல இன்னும் கேஸை ஏத்தியிருந்தா அழுத்தம் இன்னும் ஏறி, அடி வாங்கறது கம்ப்ரெஸர். ஃபேன் மோட்டார் விலைக்கும் கம்ப்ரெஸர் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு, இன்ஜின் அணைஞ்சிருக்கும்போது கேஜைப் பார்த்து ஏமாறாதீங்க. 30 டிகிரி வெயில்ல ரெண்டு பக்கமும் 95 - 100னு காட்டும். உள்ள கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், எவ்வளவுன்னு அது சொல்லாது.

அடுத்த டயாலிசிஸ் அன்னிக்கு அதே சிக்னல்ல அப்பா, "குளிருதுடா, கொஞ்சம் கம்மி பண்ணு"ன்னார். கம்மி பண்ணினேன்.

எல்லாருக்கும் ஃபேன்தான் கோளாறுன்னு சொல்ல வரலை. காத்தே மந்தமா வந்தா முதல்ல கேபின் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க, ஒரு வருஷத்துத் தூசி இருக்கும். கொஞ்ச நேரம் ஜில்லுனு வந்து, அப்புறம் காத்து குறைஞ்சு, ஏசியை அணைச்சு வெச்சா மறுபடி சரியாகுதுன்னா கூலிங் காயில்ல ஐஸ் கட்டுது. கண்டென்சர் இடுக்குல பூச்சியும் மண்ணும் அடைச்சிருந்தாலும் எங்க வண்டி மாதிரியே சிக்னல்ல சூடாகும்.

நிஜமாவே கேஸ் குறைஞ்சிருந்தா? முதல்ல ஓட்டையைக் கண்டுபிடிக்கணும். ஜாயின்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு பாருங்க. கேஸோட எண்ணெயும் சேர்ந்துதான் சுத்துது, கசியற இடத்துல அது காட்டிக் குடுத்துடும். நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி வெச்சுப் பார்க்கலாம், சாயம் விட்டு புற ஊதா விளக்குலயும் பார்க்கலாம். ஓட்டையை அடைச்ச பிறகு அரை மணி நேரமாவது வாக்வம் பண்ணி, அது நிக்குதான்னு பார்த்துட்டுதான் கேஸ். அதுவும் தராசு வெச்சு. பானெட்டுக்கு அடியில இருக்கற ஸ்டிக்கர்ல எந்த கேஸ், எத்தனை கிராம்னு போட்டிருக்கும். சின்ன வண்டிக்கு 400 கிராம் பக்கம்தான், அதுல 100 கிராம் கூடப் போனாலும் குளிர் குறையும். "கை வெச்சுப் பார்த்தே ஏத்திடுவேன்"கிறவர்கிட்ட ஜாக்கிரதை. விலை கம்மின்னு சமையல் கேஸ் வகையறாவை ஏத்தறவங்க பக்கமே போகாதீங்க. கசிஞ்சா அது வண்டிக்குள்ளயே வரும், தீப்பிடிக்கும்.

இருக்கற கேஸைக் காத்துல திறந்து விடறதும் தப்பு. 134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனா பூமியைச் சூடாக்கறதுல கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல. நாம குளிர்றதுக்காக ஊரையே சூடாக்கின கதையாயிடும்.

மெக்கானிக்குங்களை மட்டும் குத்தம் சொல்றதும் நியாயம் இல்லை. ஓட்டையைத் தேட ரெண்டு மணி நேரம் ஆகும், அந்தக் கூலியைக் குடுக்க நம்மள்ல எத்தனை பேர் ரெடி? கேஸுக்குன்னா சத்தம் போடாம குடுக்கறோம். தேடினதுக்குக் கூலி கேட்டா "ஒண்ணுமே மாத்தலையே"ங்கறோம். அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கேஜ் போட்டதுக்குக் காசு கேட்கலை. நானாதான் கையில திணிச்சேன்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பார்க்கறது வரைக்கும்தான் நம்ம வேலை. கேஸ் போற குழாய்ல எந்த நட்டையும் நீங்களா கழட்டாதீங்க, பீறிட்டு வந்தா தோலும் கண்ணும் உறைஞ்சு புண்ணாயிடும். உங்க ஊர்ல கேஜும் தராசும் வெச்சு ஒழுங்கா பார்க்கற கடை இருந்தா சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்.